தலைப்பாகையோடு போனவை: தப்பிய விபத்துகளின் செய்தி எங்கே நின்றுபோகிறது?

2023 பிப்ரவரி 8 மாலை, கர்நாடகத்தின் ஹொசதுர்கா ரோடு நிலையத்தில் சம்பர்க் கிராந்தி விரைவு ரயிலுக்குச் சிக்னல் விழுந்தது. வண்டி கிளம்பிய பிறகு, பாதையை மாற்றும் முன்னே இருந்த பாயின்ட் தவறான தடத்துக்குத் திரும்பியிருப்பதை லோகோ பைலட் கவனித்து நிறுத்திவிட்டார். யாருக்கும் கீறல்கூட இல்லை. மறுநாளே தென்மேற்கு ரயில்வேயின் முதன்மைத் தலைமை இயக்க மேலாளர் இதுபற்றிக் கடிதம் எழுதினார். சிக்னல் கொடுத்த பின்பு பாதை மாறுவது, சிக்னலையும் பாயின்ட்டையும் பிணைக்கும் இன்டர்லாக்கிங் முறையின் அடிப்படைக்கே முரணானது என்றும், உடனே சரிசெய்யாவிட்டால் பெரும் விபத்துகள் நேரக்கூடும் என்றும் அதில் எச்சரித்திருந்தார்.

நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் மாவட்டம் பஹானகா பஜார் நிலையத்தில், சென்னை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு ரயிலுக்கு மெயின் லைனில் செல்லப் பச்சை விழுந்தது. பாயின்ட் பக்கவழியான லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே இரும்புத்தாது ஏற்றிய சரக்கு ரயில் நின்றது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை அறிக்கையில் இன்னொரு நிகழ்வும் வருகிறது. 2022 மே 16 அன்று, விபத்து நடந்த அதே கரக்பூர் கோட்டத்தில், பாங்க்ராநயாபாஜ் நிலையத்தில் வயரிங் தவறால் இதே வகைக் கோளாறு ஏற்பட்டிருந்தது. அதன் பிறகு தவறான வயரிங்கைச் சரிசெய்யும் நடவடிக்கை எடுத்திருந்தால் பஹானகா பஜார் விபத்து நடந்திருக்காது என்று அறிக்கை வெளிப்படையாகவே சொல்கிறது. பஹானகா பஜாரிலேயே, இரு பாதைகளை இணைக்கும் பாயின்ட்டுகள் மீண்டும் மீண்டும் வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டதை நிலைய நிர்வாகம் சிக்னல் பிரிவுக்குத் தெரிவித்திருந்தால் கோளாறைக் கண்டுபிடித்திருக்கலாம் என்றும் குறிப்பிடுகிறது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன நிகழ்வைத் தொழிற்சாலைகளில் 'நியர் மிஸ்' என்பார்கள். அதைப் பதிவுசெய்து அறிவிக்க வேண்டும் என்பது இன்று எல்லாப் பாதுகாப்புப் பயிற்சிகளிலும் சொல்லப்படும் பாடம். தொழிலாளிகள் வாய்திறப்பதில்லை, அவர்களைப் பேசவைத்தால் விபத்து குறையும் என்பது அந்தப் பாடத்தின் எடுகோள். மேலே சொன்ன மூன்றில் பஹானகா பஜார் பாயின்ட் மட்டுமே அந்த எடுகோளுக்குப் பொருந்துகிறது. பாங்க்ராநயாபாஜில் நடந்தது தெரிந்திருந்தது. ஹொசதுர்காவில் நடந்தது உயர் அதிகாரியின் கையெழுத்தோடு கடிதமாகவே போயிருந்தது. எனவே தொழிலாளி ஏன் பேசவில்லை என்பதோடு, சொல்லப்பட்ட செய்தி எந்த இடத்தில் நின்றுபோகிறது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இக்கட்டுரை இந்த இரண்டாம் கேள்வியின் பக்கம் நிற்கிறது.

1. முக்கோணம் சொன்னதும் சொல்லாததும்

நியர் மிஸ் பற்றிய பொதுப்புத்தி பெரும்பாலும் ஒரு முக்கோணப் படத்திலிருந்து வருகிறது. அமெரிக்காவின் டிராவலர்ஸ் காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஹைன்ரிச், 1931-இல் வெளியிட்ட தொழிலக விபத்துத் தடுப்பு நூலில் ஒரு விகிதத்தை முன்வைத்தார். ஒரே வகையான 330 நிகழ்வுகளில் 300 காயமின்றி முடியும், 29 சிறு காயத்தில் முடியும், ஒன்று பெருங்காயமாகும். 1969-இல் ஃபிராங்க் பேர்டு 297 நிறுவனங்களின் 17 இலட்சத்துக்கும் மேற்பட்ட அறிக்கைகளை ஆராய்ந்து 1:10:30:600 என்ற விகிதத்தைத் தந்தார். அடித்தளத்தைக் குறுக்கினால் உச்சி தானே குறுகும் என்ற முடிவு இவற்றிலிருந்து பரவியது. ஆலை வாசல்களில் இன்றும் இந்த முக்கோணம் பல வண்ணங்களில் தொங்குகிறது.

இதன்மீதான விமரிசனம் புதிதல்ல. ஹைன்ரிச் பயன்படுத்திய மூல ஆவணங்கள் பின்வந்த ஆய்வாளர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர் 'ஒரே வகையான' நிகழ்வுகள் என்று சொன்ன நிபந்தனையும் படம் பரவப் பரவ உதிர்ந்துபோனது. படிக்கட்டில் வழுக்குவதும் அழுத்தக்கலன் வெடிப்பதும் ஒரே முக்கோணத்தில் அடங்குபவை அல்ல. முன்னதை எவ்வளவு குறைத்தாலும் பின்னது குறையாது. விபத்துகளில் 88 விழுக்காடு தொழிலாளியின் பாதுகாப்பற்ற செயலால் நேர்கின்றன என்ற அவரது இன்னொரு கணக்குதான் அதிகத் தீங்கு செய்தது என்பேன். காரணத்தைத் தேடும் விசாரணையை அது ஆளைத் தேடும் விசாரணையாக்கிவிட்டது.

முக்கோணத்தை நம்பியதன் விலை டெக்சஸ் சிட்டியில் தெரிந்தது. 2005 மார்ச் 23 அன்று பிபி நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு வடிகோபுரத்தை மீண்டும் இயக்கும்போது திரவம் நிரம்பி வழிந்து ஆவி தீப்பற்றியது. 15 பேர் இறந்தனர், சுமார் 180 பேர் காயமுற்றனர். ஆலையின் தனிநபர் காயக் கணக்கு அதற்கு முன்பு நன்றாகவே இருந்தது. ஆனால் முந்தைய ஐந்தாண்டுகளில் அதே கோபுரத்தை இயக்கத்துக்குக் கொண்டுவந்தபோதெல்லாம், பெரும்பாலான முறை திரவ மட்டம் அளவுக்கு மீறி உயர்ந்திருந்ததை அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. அவை நியர் மிஸ் என்று கருதப்படவில்லை, விசாரிக்கப்படவுமில்லை. ஒவ்வொரு முறையும் ஒன்றும் ஆகாமல் போனதால், அப்படி ஏறுவதே வழக்கம் என்றாகிவிட்டது. சேலஞ்சர் விண்கல விபத்தை ஆராய்ந்த சமூகவியலாளர் டயான் வான், விலகலே இயல்பாகிவிடும் இந்தப் போக்கை 1996-இல் வந்த தம் நூலில் விரிவாக விளக்கினார். 'ஒன்றும் ஆகவில்லையே' என்ற நினைப்பு எச்சரிக்கையையே நற்சான்றாக மாற்றிவிடுகிறது.

2. செய்தியை வாங்குபவர் யார்?

நியர் மிஸ் அறிவிப்பு ஒரு முறையாக உருவான கதையைச் சொல்ல விமானத் துறைக்குத்தான் போக வேண்டும். 1974 டிசம்பர் 1 அன்று டிடபிள்யூஏ நிறுவனத்தின் 514-ஆம் எண் விமானம் வாஷிங்டனின் டல்லஸ் நிலையத்தில் இறங்கவிருந்தது. தரையிறங்கும் அணுகலுக்கு அனுமதி கிடைத்ததும், 1,800 அடிக்கு உடனே இறங்கலாம் என்று விமானிகள் புரிந்துகொண்டார்கள். இடையில் மலை இருந்தது. மவுண்ட் வெதர் மேட்டில் மோதி, விமானத்தில் இருந்த 92 பேரும் இறந்தனர். அனுமதிச் சொல்லின் பொருளைக் கட்டுப்பாட்டாளர் ஒருவிதமாகவும் விமானிகள் வேறுவிதமாகவும் எடுத்துக்கொண்டிருந்தது விசாரணையில் தெரிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. ஆறு வாரங்களுக்கு முன்பு யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று இதே தவறான புரிதலால் இதே மேட்டில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்தின் உள்முறைப்படி நேர்மையாகச் சொன்னார்கள். நிறுவனமும் தன் விமானிகள் அனைவரையும் எச்சரித்தது. ஒரு நிறுவனத்துக்குள் செய்ய வேண்டிய எல்லாமே சரியாக நடந்திருக்கிறது. ஆனால் டிடபிள்யூஏ விமானிகள் காதுக்கு அது எட்ட வழியே இல்லை.

இதையொட்டி அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1975-இல் ஓர் அறிவிப்பு முறையைத் தொடங்கியது. விமானிகள் தயங்கினார்கள். உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் உள்ளவரிடமே தன் பிழையை எழுதிக்கொடுக்க யார் முன்வருவார்? 1976-இல் அப்பொறுப்பு நாசாவிடம் தரப்பட்டது. நாசாவுக்கு விமானியைத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. ஆனால் விமானம் பற்றிய அறிவு உண்டு. இந்த இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்ததுதான் முறை பிழைத்ததற்குக் காரணம்.

நாசாவின் அறிவிப்புப் படிவத்தின் அமைப்பையே சற்று நெருங்கிப் பார்க்கலாம். எழுதியவரின் பெயரும் முகவரியும் மேலே ஒரு தனிப் பட்டியில் இருக்கும். செய்தியைப் படித்த ஆய்வாளர், வேண்டுமானால் எழுதியவரைத் தொலைபேசியில் அழைத்து விளக்கம் கேட்பார். பிறகு அந்தப் பட்டியைக் கிழித்து, வந்துசேர்ந்த தேதி முத்திரையோடு எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அலுவலகத்தில் யார் எழுதியது என்பதற்கான தடயம் மிஞ்சாது. எழுதியவர் கையில் 'நான் தெரிவித்தேன்' என்பதற்கான சான்று மட்டும் இருக்கும். நிகழ்ந்து 10 நாளுக்குள் தெரிவித்திருந்தால், வேண்டுமென்றே செய்யாத விதிமீறலுக்கு அந்தச் சீட்டு தண்டனையிலிருந்து காப்பு. குற்றச்செயலுக்கும் விபத்துக்கும் இந்தக் காப்பு இல்லை. 1979 முதல் 'கால்பேக்' என்ற மாத இதழ், விமானிகள் எழுதியவற்றைப் பெயர் நீக்கி எல்லாருக்கும் படிக்கத் தருகிறது.

முழு அநாமதேயத்தைவிட இது ஏன் மேல் என்பது பலருக்கு விளங்குவதில்லை. மொட்டைக் கடிதத்தில் மறுகேள்வி கேட்க முடியாது. பெயர் தெரிந்து, கேட்டு, பிறகு பெயரை அழிப்பதால்தான் என்ன நடந்தது என்பது முழுதாகக் கிடைக்கிறது. இந்த முறையை வடிவமைத்த சார்லஸ் பில்லிங்ஸ், அறிக்கைகளை எண்ணுவதில் பயனில்லை என்று வலியுறுத்தி வந்தார். எத்தனை பேர் எழுதினார்கள் என்பதை வைத்து எத்தனை முறை நடந்தது என்று கணக்கிட முடியாது. எப்படி நடந்தது என்ற விவரணைக்குத்தான் மதிப்பு. டென்மார்க்கில் 2001-இல் வான்போக்குவரத்து அறிவிப்புகளுக்கு இரகசியமும் தண்டனைக் காப்பும் சட்டப்படியே தரப்பட்டபோது, ஆண்டுக்குச் சுமார் 15 ஆக இருந்த அறிக்கைகள் முதலாண்டிலேயே 900-ஐத் தாண்டின. வானம் திடீரென்று ஆபத்தாகிவிடவில்லை, வாய் திறக்கப்பட்டது என்றே இதைப் படிக்க வேண்டும்.

3. தெரிந்தும் போய்ச் சேராதவை

வாய் திறந்தால் போதுமா என்பதற்கு அணுமின் துறையும் பிரிட்டிஷ் ரயிலும் விடை தருகின்றன.

1977 செப்டம்பர் 24 அன்று ஒஹையோவின் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் ஓர் அழுத்த விடுவிப்பு வால்வு திறந்தது திறந்தபடி சிக்கிக்கொண்டது. உலையில் நீர் போதுமான அளவு இருப்பதாகக் காட்டிய மானியை நம்பி, இயக்குபவர்கள் அவசர நீரூட்டலைக் குறைத்தார்கள். உலை அப்போது 9 விழுக்காடு திறனில்தான் ஓடிக்கொண்டிருந்தது. சுமார் 20 நிமிடத்தில் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உலையை வடிவமைத்த பாப்காக் அண்டு வில்காக்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் இதைப் படித்துப் பதறி, நீரூட்டலை அவசரப்பட்டு நிறுத்தக்கூடாது என்று இயக்குபவர்களுக்குத் தெளிவான அறிவுறுத்தல் அனுப்பும்படி 1978 பிப்ரவரியில் உள்குறிப்பு எழுதினார். குறிப்பு துறைவிட்டுத் துறை சுற்றியது. 1979 மார்ச் 28 அன்று த்ரீ மைல் ஐலண்ட் நிலையத்தில் அதே வகை வால்வு அதே விதமாகச் சிக்கியது. அங்கும் நீரூட்டலைக் குறைத்தார்கள். இம்முறை உலை ஏறத்தாழ முழுத்திறனில் இருந்தது. வால்வு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் திறந்தே கிடந்தது. உலைக்கருவின் ஏறத்தாழ பாதி உருகியது. அன்றுவரை அந்தக் குறிப்பு மின்நிலையங்களுக்குப் போய்ச் சேரவில்லை.

லண்டன் பேடிங்டன் அருகே 1999 அக்டோபர் 5 அன்று நடந்த லாட்புரோக் குரோவ் மோதலில் 31 பேர் இறந்தனர். ஓட்டுநர் எஸ்என்109 என்ற சிக்னலைச் சிவப்பில் தாண்டியிருந்தார். அதே சிக்னலை முந்தைய ஆறாண்டுகளில் எட்டு முறை வெவ்வேறு ஓட்டுநர்கள் சிவப்பில் தாண்டியிருந்தார்கள். எட்டும் பதிவானவை. வெவ்வேறு ஆட்கள் ஒரே இடத்தில் தவறினால் பார்க்க வேண்டியது இடத்தை என்பது சாதாரண அறிவு. ஆயினும் ஒவ்வொரு முறையும் விசாரணை ஓட்டுநரைச் சுற்றியே நடந்தது. மேல்நிலை மின்கம்பிக் கட்டமைப்புக்குப் பின்னால் மறைந்துகிடந்த சிக்னலின் பார்வைக்கோணத்தைப் பரிசீலிக்க உரிய குழு கூட்டப்படவில்லை என்பதை இவ்விபத்தை ஆராய்ந்த கல்லன் விசாரணை கடுமையாகச் சுட்டியது. இதன் பின்னரே, ஸ்காட்லாந்தில் 1996-இல் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தின் துணையோடு தொடங்கிய 'சைராஸ்' என்ற இரகசிய அறிவிப்பு முறை பிரிட்டன் முழுமைக்கும் விரிந்தது.

போபாலில் நிலைமை இன்னும் கொடியது. 1981 டிசம்பரில் யூனியன் கார்பைடு ஆலையில் ஃபாஸ்ஜீன் கசிந்து ஒரு தொழிலாளி இறந்தார். 1982-இல் மேலும் கசிவுகள். தொழிற்சங்கங்கள் குரல் எழுப்பின. அதே ஆண்டு அமெரிக்கத் தலைமையகத்தின் குழுவே வந்து குறைகளைப் பட்டியலிட்டது. பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி நகரம் எரிமலையின் விளிம்பில் இருக்கிறது என்ற பொருளில் எழுதிக்கொண்டே இருந்தார். ஆலையின் விஷவாயு நகரெங்கும் பரவிய 1984 டிசம்பர் 2 இரவுவரை எதுவும் அசையவில்லை. தொழிலாளி சொன்னார், சங்கம் சொன்னது, பத்திரிகை சொன்னது, கம்பெனியின் தணிக்கையாளரே சொன்னார். 'கீழே இருப்பவர்கள் பேசவில்லை' என்ற விளக்கத்துக்கு இங்கே துளியும் இடமில்லை.

4. காயம் இல்லாவிட்டால் பதிவு இல்லை

இந்தியச் சட்டம் எதைக் கேட்கிறது? 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 88-ஆம் பிரிவு, மரணத்தையும் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போகும் காயத்தையும் அறிவிக்கச் சொன்னது. 1976-இல் சேர்ந்த 88ஏ பிரிவு, விதிகளில் பட்டியலிட்ட அபாய நிகழ்வுகளைக் காயம் இல்லாவிட்டாலும் அறிவிக்கச் சொன்னது. அழுத்தக்கலன் வெடிப்பது, கிரேன் சரிவது போன்றவை இதில் வந்தன. போபாலுக்குப் பின் 1987 திருத்தத்தில் வந்த 41எச் பிரிவு முக்கியமானது. ஆபத்தான செய்முறைகள் உள்ள ஆலையில், உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் தொழிலாளி நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் ஒரே நேரத்தில் சொல்ல அது இடம் தந்தது. ஆபத்து இருப்பதை ஏற்றால், நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுத்து ஆய்வாளருக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. இச்சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் நடைமுறைக்கு வந்த 2020-ஆம் ஆண்டுத் தொழிலகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் விபத்து, அபாய நிகழ்வு என்ற அதே இரு வாசல்களை வைத்திருக்கிறது. பாதுகாப்பற்ற நிலையைக் கண்டால் முதலாளியிடம் தெரிவிப்பதைத் தொழிலாளியின் கடமையாகவும் ஆக்குகிறது.

கடமை இருக்கிறது. முதலாளியிடம் சொன்னவர் பெயரை மறைக்கும் ஏற்பாடு இல்லை. ஒரு பிரஸ் ஷாப்பை எடுத்துக்கொள்வோம். பவர் பிரஸ்ஸில் பெடலை ஒருமுறை அழுத்தினால் தகட்டை அழுத்தும் ராம் ஒருமுறை இறங்க வேண்டும். கிளட்ச் தேய்ந்திருந்தால் கேட்காமலே இரண்டாம் முறையும் இறங்கும். கை உள்ளே போகும் நொடியில் இறங்கினால் விரல் போகும், அரை நொடி முந்தி இறங்கினால் ஒன்றும் ஆகாது. அந்த அரை நொடியை மெஷினில் நிற்பவர் ஒரே ஷிஃப்ட்டில் பலமுறை பார்த்திருப்பார். அது விபத்து வாசலிலும் வராது, அபாய நிகழ்வு வாசலிலும் வராது. சூப்பர்வைசரிடம் சொன்னால், 'பார்த்து ஓட்டுப்பா, இன்னிக்கு டிஸ்பாட்ச் இருக்கு' என்ற பதில் வரும். ஹரியானாவின் வாகன உதிரிபாகத் தொழிலில் விரல் இழந்தவர்களைத் தொடர்ந்து ஆவணப்படுத்திவரும் 'சேஃப் இன் இந்தியா' அமைப்பின் அறிக்கைகளில் இந்தக் கதை திரும்பத் திரும்ப வருகிறது: கோளாறு முன்பே தெரியும், சொல்லவும் செய்தோம், ஓட்டச் சொன்னார்கள். காயமுற்றவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களுக்குச் சம்பளம் தருபவர் கான்ட்ராக்டர், மெஷின் கம்பெனியுடையது. கான்ட்ராக்டரிடம் சொன்னால் மெஷின் அவர் கையில் இல்லை. கம்பெனியிடம் சொன்னால், நாளை அந்த ஆள் வரவேண்டாம் என்று கான்ட்ராக்டருக்கு ஒரு ஃபோன் போதும்.

5. இரண்டு மறுப்புகள்

முதல் மறுப்பு, தண்டனை இல்லையென்றால் அலட்சியம் வளரும் என்பது. இது எளிதில் தள்ளக்கூடியதல்ல. பாதிக்கப்பட்டவர்களின் குடும்பத்துக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் தண்டனைக் காப்பு கேட்கப்படுவது விபத்துக்கு அல்ல, எவருக்கும் தீங்கு நேராத நிகழ்வைத் தானே முன்வந்து சொல்வதற்கு. அப்படிச் சொல்லாவிட்டால் அது எந்தக் கோப்பிலும் வந்திருக்கப் போவதில்லை. இரண்டாம் உலகப் போரையொட்டி அமெரிக்க விமானப்படைக்காகப் பால் ஃபிட்ஸும் ரிச்சர்டு ஜோன்ஸும் விமானிகளிடம் அவர்கள் செய்த, செய்யவிருந்த பிழைகளைக் கேட்டுத் தொகுத்து 1947-இல் வெளியிட்டார்கள். ஒரு கைப்பிடிக்குப் பதில் இன்னொன்றை இயக்கிவிட்டோம் என்று பலர் ஒப்புக்கொண்டார்கள். போர்க்காலத்திலேயே அல்ஃபோன்ஸ் சாபனிஸ், பி-17 விமானத்தில் சக்கரத்துக்கும் இறக்கை மடிப்புக்கும் உரிய சுவிட்சுகள் ஒன்றுபோல் அருகருகே இருப்பதைக் கண்டு, தொட்டாலே வேறுபாடு தெரியும்படி வடிவம் மாற்றச் சொல்லியிருந்தார். சக்கரத்துக்குச் சக்கர வடிவக் குமிழ், மடிப்புக்கு மடிப்பு வடிவக் குமிழ் என்பது இன்றும் போக்குவரத்து விமான விதிகளில் இருக்கிறது. அந்த விமானிகளைத் தண்டித்திருந்தால் அத்தனை வாக்குமூலங்கள் கிடைத்திருக்காது.

இரண்டாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. பல ஆலைகளில் நியர் மிஸ் அட்டை ஏற்கெனவே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆளுக்கு மாதம் இத்தனை என்ற இலக்கோடு இருக்கிறது. இலக்கு வந்ததும் மாதக் கடைசியில் அட்டைகள் குவிகின்றன: 'தரையில் எண்ணெய்', 'ஹெல்மெட் போடவில்லை', 'ஒயர் தொங்குகிறது'. பெருக்குமாறும் டேப்பும் போதும் என்கிற விஷயங்கள் மட்டுமே எழுதப்படுகின்றன. பணம் செலவாகும், உற்பத்தி நிற்கும் என்கிற கிளட்ச் தேய்மானம் எழுதப்படுவதில்லை. எண்ணிக்கை உயர்ந்ததை நிர்வாகம் விழிப்புணர்வு என்று கொண்டாடுகிறது. ஹைன்ரிச்சின் முக்கோணம் இங்கே முழு வட்டம் அடித்துவிடுகிறது.

செய்தி மூன்று இடங்களில் நிற்பதாக என் வாசிப்பு. தண்டிக்கக்கூடியவரிடம் கொடுக்கும்போது வாயிலேயே நிற்கிறது. தண்டிக்காவிட்டாலும் செலவழிக்க வேண்டியவரிடம் மட்டும் கொடுக்கும்போது மேசையில் நிற்கிறது. ஒரு நிறுவனத்துக்குள், ஒரு கோட்டத்துக்குள் தீர்த்துக்கொள்ளும்போது மதில்சுவரில் நிற்கிறது. இந்தியாவில் ரயில்வே பாதுகாப்பு ஆணையரை ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வைக்காமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வைத்திருப்பது முதல் சிக்கலை உணர்ந்த ஏற்பாடு. ஆனால் பெரும் விபத்துக்குப் பின் விசாரிக்க வரும் அவர் சொல்வது ரயில்வேக்குப் பரிந்துரைதான். சட்டப்பூர்வமான, தன்னாட்சியுள்ள ரயில்வே பாதுகாப்பு ஆணையம் வேண்டுமென்று அனில் காகோட்கர் தலைமையிலான குழு 2012-இலேயே கூறியது.

தொழிற்சாலைகளுக்கு வந்தால், தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் வழக்குத் தொடரும் அதிகாரம் உள்ள அமைப்பு. அந்த அதிகாரம் அதற்கு அவசியம். அதனாலேயே, 1975-இல் அமெரிக்க விமான நிர்வாகம் நின்ற இடத்தில் அது நிற்கிறது. நியர் மிஸ்ஸை வாங்கும் கை அதனுடையதாக இருக்க முடியாது. ஸ்ட்ராத்கிளைடு செய்ததை இங்கே ஒரு பொறியியல் கல்லூரியின் இயந்திரவியல் துறை செய்ய முடியும். தமிழிலும் இந்தியிலும் ஒரு தொலைபேசி எண், மறுகேள்வி கேட்கத் தெரிந்த இரண்டு பேர், பெயரை அழித்துவிட்டு அந்தத் தொழிற்பேட்டையின் எல்லா ஆலைகளுக்கும் போகும் ஒரு மாதத் தாள். 'இந்த மாடல் பிரஸ்ஸில் கிளட்ச் தேய்ந்தால் ராம் இருமுறை இறங்குகிறது, மூன்று ஆலைகளில் நடந்திருக்கிறது' என்று அதில் ஒரு வரி வந்தால், நான்காவது ஆலையின் மெயின்டனன்ஸ் ஃபிட்டருக்கு அது போதும். சிறு பிரஸ் ஷாப்புகள் நெருங்கிக் கிடக்கும் அம்பத்தூரில் இதைத் தொடங்கலாம்.